பிரித்துப் பார்த்த கைகள்

பெங்களூருவில் கஸ்தூர்பா சாலையில் அமைந்துள்ள விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை மாணவர் பலர் கண்டிருப்பர். பொறிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அங்கே நேரில் கண்டு அறியலாம். அதனையொத்த கூடம் ஒன்று கோயம்புத்தூரில் அவிநாசி சாலையிலும் உண்டு. அது ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விசுவேசுவரய்யா பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பயின்று, பின்னர்ப் புனே நகரில் பொறியியல் கற்றுத் தேர்ந்தவர். நாயுடுவோ தொடக்கப் பள்ளியைக்கூட முழுமையாக முடிக்காதவர். தென்னாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் இவ்விருவர் பெயரையும் கூறாமல் இருப்பதில்லை. ஆனால் இருவரும் கற்ற வழிகள் வேறு வேறு. பள்ளிக்கு வெளியே, தாமே தொடங்கிய தொழில்களின் வாயிலாகக் கற்ற நாயுடுவின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

மணலும் பள்ளியும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு; குடும்பத் தொழில் உழவு. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்தே பிற்காலத்தில் அவர் ஜி.டி. நாயுடு என அழைக்கப்பட்டார். குழந்தைப் பருவத்திலேயே அவர் தாயை இழந்தார்.

மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவது அக்காலக் கிராமப் பள்ளிகளின் வழக்கம். துரைசாமிக்கு வகுப்பில் அமர்ந்திருப்பது பிடிக்கவில்லை. மணலை அள்ளி ஆசிரியர் மீது வீசித் தண்டனை பெற்றார் என்று கூறுவர். பெரியவரான பின் செய்தவை பெருமைக்குரியவை என்பதற்காகச் சிறுவயதில் செய்த இச்செயலும் பெருமைக்குரியதாகிவிடாது. எவ்வாறாயினும், மூன்றாம் வகுப்பளவில் அவருடைய பள்ளிப் படிப்பு முடிவுக்கு வந்தது. அதன்பின் தோட்ட வேலையில் ஈடுபட்டார். கற்றிருந்த எழுத்தறிவைக் கொண்டு, கிடைத்த தமிழ் நூல்களைத் தனியே அமர்ந்து படிக்கும் பழக்கமும் அவருக்கு ஏற்பட்டது. வகுப்பறையை வெறுத்த சிறுவன் படிப்பை வெறுக்கவில்லை என்பது இதனால் புலப்படும்.

ஊருக்குள் வந்த வண்டி

மாட்டு வண்டிகளே ஓடிய கலங்கல் பகுதிக்கு ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் என்னும் வகையைச் சேர்ந்தது. மாடும் இல்லை, மிதிப்பவரும் இல்லை, ஆயினும் வண்டி ஓடியது. ஊரார் வியந்து பார்த்துவிட்டுத் தத்தம் வேலைக்குத் திரும்பினர். துரைசாமிக்கோ அவ்வண்டி எதனால் ஓடுகிறது என்னும் வினா மனத்தில் தங்கிவிட்டது.

இவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடியவர் ஊரில் எவரும் இல்லை. விடை சொல்லும் நூலும் தமிழில் அன்று இல்லை. எனவே அத்தகைய வண்டி ஒன்றைத் தாமே விலைக்கு வாங்குவது என முடிவு செய்தார். அதற்கான பணம் அவரிடம் இல்லை. அவர் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கிடைத்த ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஒரு வினாவுக்கு விடை காண்பதற்காக ஓர் இளைஞர் நாள்தோறும் இலை போட்டு, உணவு பரிமாறி, எச்சில் இடத்தைத் துடைத்துப் பணம் சேர்த்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பிறர் அதே பணத்தில் நிலம் வாங்கியிருக்கக்கூடும்.

இறுதியில் ரட்ஜ் வண்டி அவர் கைக்கு வந்தது. அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்ததோடு அவர் நிற்கவில்லை. அதனை முழுவதும் பிரித்துப் போட்டார், மீண்டும் பூட்டினார்.

மோட்டார் சைக்கிளைப் பிரிப்பவர் எவற்றையெல்லாம் கற்க நேரும் என்பதைச் சற்றே நோக்குவோம். பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கின்றன. அக்கலவை உருளைக்குள் இழுக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. தக்க நொடியில் மின்பொறி பாய்கிறது. கலவை எரிந்து விரிவடைந்து உந்துருளையைத் தள்ளுகிறது. முன்னும் பின்னுமாக அசையும் உந்துருளையின் ஓட்டம், ஒரு வளைந்த தண்டின் உதவியால் சுழற்சியாக மாறிச் சக்கரத்தை அடைகிறது. எரிந்த புகை வெளியேற, புதிய கலவை உள்ளே வருகிறது. வேதியியல், இயற்பியல், மின்னியல், அளவியல் ஆகிய நான்கும் ஒரே இரும்புக் கூட்டினுள் அடங்கியுள்ளன. இவற்றின் பெயர்களை அறியாமலேயே துரைசாமி இவற்றின் செயல்களை அறிந்தார்.

பிரிப்பது எளிது, பூட்டுவதே கடினம். கழற்றிய வரிசையை நினைவில் வைக்க வேண்டும். ஒரு மரை மாறினாலும், ஒரு வளையம் மீந்தாலும் வண்டி கிளம்பாது. வண்டி எவரையும் கடிந்து பேசுவதில்லை, பிரம்பையும் ஓங்குவதில்லை. ஆனால் தவறு இருக்கும் வரை அது அசைவதும் இல்லை. இத்தகைய ஆசிரியரிடம் துரைசாமி மணலை வீசவில்லை. விரைவில் அவர் வண்டிகளைப் பழுது நீக்குவதில் தேர்ந்த கைவினைஞரானார்.

ஈட்டியதும் இழந்ததும்

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு நல்ல விலை இருந்தது. நாயுடு திருப்பூரில் பஞ்சு அரவைத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்க்குச் சென்று பெரிய அளவில் பருத்தி வாணிகம் செய்ய முற்பட்டார். அங்கே ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார். பருத்தி அரைக்கும் பொறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். சந்தையில் விலை ஏறுவதையும் இறங்குவதையும் அவ்வாறு திறந்து பார்க்க இயலாது. அதன்பின் அவர் தேர்ந்தெடுத்த தொழில்கள் பெரும்பாலும் பொறிகளைச் சார்ந்தே இருந்தமை நோக்கத்தக்கது.

கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ஆங்கிலேயரான இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பாரின் உதவி இக்காலத்தில் நாயுடுவுக்குக் கிடைத்தது. 1920ஆம் ஆண்டு அவர் ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். பழனி முருகன் கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் ஆண்டு முழுவதும் செல்லும் வழி அது. ஆகவே பயணிகளுக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு பேருந்தை வைத்திருப்பவர் எத்தனை கணக்குகளைப் பார்க்க வேண்டும்! எத்தனை இருக்கைகள் நிரம்பினால் எரிபொருள் செலவு ஈடாகும்? சக்கரம் எத்தனை நாள் உழைக்கும்? வண்டி பழுதாகி நின்ற நாளின் இழப்பை எந்த நாளின் வருவாய் ஈடுசெய்யும்? குறித்த நேரத்தில் வண்டி புறப்படாவிட்டால் அடுத்த முறை பயணி வருவாரா? ஓட்டுநர், உரிமையாளர், பழுது நீக்குபவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தமையால், இவ்வினாக்கள் அனைத்தும் நாயுடு ஒருவரிடமே வந்து நின்றன.

ஒரு வண்டி பலவாயிற்று. யு.எம்.எஸ். என்னும் பெயரில் அவர் நடத்திய பேருந்து நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நாட்டின் மிகச் சிறந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. பணிமனையில் பழுது நீக்குவதோடு அமையாமல், தொழிலுக்கு வேண்டிய கருவிகளையும் அவர் அமைக்கலானார். ஒவ்வொரு தொழிலிலும் எழுந்த இடர்ப்பாடு அடுத்த கருவிக்கு வழிவகுத்தது.

கிணறும் மின்மோட்டாரும்

கொங்கு நாட்டில் கிணறுகள் ஆழமானவை. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே உழவர் நீர் பாய்ச்சினர். விடியலுக்கு முன்பே தொடங்கும் அவ்வேலையில் மாடும் மனிதரும் ஒருசேர ஓய்ந்துபோவர். உழவர் குடியில் பிறந்த நாயுடு இதனை நன்கு அறிந்தவர். 1930களின் தொடக்கத்தில் நீலகிரி மலையிலுள்ள பைக்காராவில் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு, அது கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தது. ஆலைகள் பெருகின. மின்சாரம் வந்தது, மோட்டார்களோ கடல் கடந்து வர வேண்டியிருந்தன.

பீளமேட்டில் நாயுடு நிறுவிய தொழிற்சாலையில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையுடன் 1937ஆம் ஆண்டு ஒரு மின்மோட்டார் உருவாக்கப்பட்டது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகிறது. மின்மோட்டாரின் உள்ளே, அசையாது நிற்கும் பகுதியில் செம்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றில் மின்சாரம் பாயும்போது காந்தப் புலம் தோன்றி நடுவிலுள்ள உருளையைச் சுழற்றுகிறது. கொள்கை எளியது. ஆனால் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றுவது, சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே எவ்வளவு சிறிய இடைவெளி விடுவது, சூடேறாமல் எவ்வாறு காப்பது என்பனவெல்லாம் கையால் செய்து கண்டறிய வேண்டியவை. பிற்காலத்தில் மோட்டாருக்கும் நீரேற்றும் பம்புக்கும் கோயம்புத்தூர் நாடெங்கும் பெயர் பெற்றது. கவலை ஏற்றங்கள் மெல்ல மெல்ல மறைந்தன.

இதற்கு முன்பே நாயுடு வெளிநாடுகளுக்குச் சென்று வந்திருந்தார். ஒளிப்படக் கருவி அவர் கையைவிட்டு நீங்காது. 1936ஆம் ஆண்டு இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவர் திரைப்படமாகவே எடுத்துள்ளார். ஒளிப்படக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் உறுப்பு ஒன்றையும் அவர் அமைத்தார். கையில் எடுத்த பொருளைத் திருத்தாமல் கீழே வைப்பது அவருக்கு இயலாது போலும்.

மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டார் பொருத்திய முகச் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவுப் பொறி என அவர் உருவாக்கியவை பல. 1941ஆம் ஆண்டு ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் தர இயலும் என அறிவித்தார். 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து வெளிவந்தது. விலை 2000 ரூபாய். ஆனால் அதனைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. முயற்சி அத்துடன் நின்றது. தொழில் தொடங்குவோர் யாராயினும் அரசின் உரிமம் பெற்றாக வேண்டிய காலம் அது. பொறியின் தடையைத் திருகியால் நீக்கத் தெரிந்தவருக்கு இத்தடையை நீக்கும் கருவி கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டுகளா, இரண்டு ஆண்டுகளா?

1944ஆம் ஆண்டு நாயுடு பேருந்துத் தொழிலிலிருந்து விலகினார். ஆராய்ச்சி செய்வோர்க்கு உதவித்தொகை, தொழிலாளர்க்கு நலத்திட்டங்கள் ஆகியவற்றை அறிவித்தார். அடுத்து அவர் மனம் சென்ற இடம் வியப்பளிப்பது. பள்ளியைவிட்டு நீங்கிய அவர் ஒரு கல்லூரியை உருவாக்க முனைந்தார்.

அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் நாயுடுவே ஏற்றார். மூன்றாம் வகுப்புப் படித்தவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது நாட்டில் எளிதில் காண இயலாத நிகழ்ச்சி.

அங்கேதான் கருத்து வேறுபாடு எழுந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் எனப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. இது காலத்தை வீணாக்குவது என்றும், கைவேலையோடு சேர்த்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் நாயுடு கருதினார். அன்றைய ஆங்கில அரசு இதற்கு இணங்கவில்லை. அவர் பதவியைத் துறந்து வெளியேறினார்.

இவ்வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்று கூறுவது எளிதன்று. செய்து பார்த்துக் கற்பது மனத்தில் ஆழப் பதியும் என்பதற்கு நாயுடுவின் வாழ்க்கையே சான்று. ஆயினும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துக் கற்க இயலாது. காவிரியின் குறுக்கே எழுந்த கிருஷ்ணராஜசாகர் அணையை எடுத்துக்கொள்வோம். விசுவேசுவரய்யாவின் திட்டத்தில் உருவான அவ்வணை, முதற்கல் வைப்பதற்கு முன்பே தாளின் மேல் கணக்காக நிற்க வேண்டியிருந்தது. கட்டிப் பார்த்து, உடைந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று அணையில் இறங்க முடியாது. மறுபுறம், நான்கு ஆண்டுகள் கணக்கை மட்டுமே கற்றுத் திருகியைக் கையில் பிடிக்காமலே வெளிவரும் பொறியாளரால் தொழிற்சாலைக்கு என்ன பயன் என்று நாயுடு எண்ணியதையும் தள்ளிவிட இயலாது. இன்றும் பள்ளிகளில் செயல்திட்டத்துக்கு எத்தனை மணி நேரம், பாடநூலுக்கு எத்தனை மணி நேரம் என்று பேசும்போதெல்லாம் இதே வினா வேறு உருவில் எழுகிறது.

அக்கல்லூரி பின்னர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் நடைபெறுகிறது. அங்கு பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகளே.

பண்ணையும் கண்காட்சியும்

முதுமையிலும் நாயுடு ஓயவில்லை. உழவுத் தொழிலுக்கே மீண்டும் திரும்பினார் எனலாம். பருத்தி, சோளம், பப்பாளி ஆகிய பயிர்களில் ஆய்வுகள் செய்தார். ஆள் உயரத்தையும் மிஞ்சி வளர்ந்த பருத்திச் செடிகளைக் காண மக்கள் வந்தனர். பெங்களூருவில் ஆராய்ச்சி நிலையம் அமைத்து வாழ்ந்த இயற்பியல் அறிஞர் சர் சி.வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் அப்பண்ணையைப் பார்வையிட்டவர்களுள் அடங்குவர். நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர், பட்டம் பெற்ற பொறியாளர், பள்ளியை முடிக்காத உழவர் மகன் ஆகிய மூவரும் பயிரைக் கண்டு பேசுமளவுக்கு நாயுடுவின் கல்வி வளர்ந்திருந்தது. இராமன் அவரைப் பெரிதும் பாராட்டியுள்ளார்.

தாம் கற்றவற்றைப் பிறர் கண்டு கற்க வேண்டும் என்னும் எண்ணத்தால் 1967ஆம் ஆண்டு தொழிற்கண்காட்சி ஒன்று அவர் பெயரால் நிறுவப்பட்டது. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் பள்ளி மாணவர்கள் இன்றும் வந்து செல்கின்றனர்.

செய்து பார்க்க

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். பழைய சுவர்க்கடிகாரம், மிதிவண்டி மணி, கைவிளக்கு ஆகியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம். மின் இணைப்பு உள்ள பொருளைத் தொட வேண்டா. பெரியவர்களின் இசைவு பெற்று, அதனைப் பிரித்து, உறுப்புகளைக் கழற்றிய வரிசையில் ஒரு துணியின் மேல் அடுக்கவும். ஒவ்வோர் உறுப்பையும் படமாக வரைந்து, அதன் வேலை என்ன என்பதைத் தமிழில் ஒரு தொடரில் எழுதவும். பெயர் தெரியாத உறுப்புக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர் ஒன்றை நீங்களே சூட்டலாம். பின்னர் மீண்டும் பூட்டவும். மீந்துபோன உறுப்பு இருந்தால் அதனையும் குறிப்பேட்டில் எழுதவும்.

நால்வர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, பள்ளி விழாவில் எலுமிச்சைச் சாறு விற்பதற்கான வரவு செலவுக் கணக்கை முன்கூட்டியே எழுதவும். பழம், சர்க்கரை, குவளை ஆகியவற்றின் விலையை அருகிலுள்ள கடையில் கேட்டறியவும். எத்தனை குவளை விற்றால் செலவு ஈடாகும்? மழை பெய்து பாதிக் குவளைகளே விற்றால் இழப்பு எவ்வளவு?

பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டுமா, இரண்டு ஆண்டுகள் போதுமா என்பது பற்றி வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.